யாரோ வைத்திருந்த நகல்

ஒருவர் எனக்கு இலவசமாக ஒன்று செய்கிறார் என்றால் நான் முதலில் அவர் கையைத்தான் பார்ப்பேன். பதினேழு வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்து வந்த புத்தி. அரிசி மூட்டையை எடை போடாமல் இறக்க விடமாட்டேன். முட்டையை எண்ணாமல் வண்டியைத் திருப்ப விடமாட்டேன். முட்டை வண்டிக்காரர் ஒருமுறை, "டீச்சரு, சாமியாரு குடுத்தாக்கூட எண்ணித்தான் வாங்குவீங்களா?" என்று கேட்டார். "சாமியாருன்னா ரெண்டு தடவ எண்ணுவேன்" என்றேன். அவர் அதற்குப் பிறகு என்னிடம் சிரித்துப் பேசியதில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

எங்கள் பள்ளி ஏரியூரிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். சமையல் கூடத்துக்கு ஒரே ஒரு சன்னல். அது ரோட்டுப் பக்கம். புகை போக வேறு வழி இல்லாததால் அதைச் சாத்தவே மாட்டோம். அந்தச் சன்னல் வழியாகத்தான் எவனோ எவளோ போனை நீட்டி வீடியோ எடுத்தது. யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மூன்று பேர் மேல் சந்தேகம் இருக்கிறது. அந்த மூன்று பேரும் என்னைப் பார்த்தால் வணக்கம் வைக்கிறார்கள். நானும் வைக்கிறேன்.

முட்டை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வெயில் காலத்தில் வரும் முட்டையில் ஒன்றிரண்டு கெட்டே வரும். வெளியே பார்த்தால் தெரியாது. அதனால் வேகவைக்கும் முன் ஒரு அன்னக்கூடைத் தண்ணீரில் முட்டைகளைப் போடுவோம். மூழ்கினால் நல்லது. மிதந்தால் ஆகாது. மிதப்பதை எடுத்துத் தனியாக ஒரு சிவப்பு வாளியில் போட்டு என்னிடம் காட்டவேண்டும். நான் பார்த்த பிறகு குழியில் கொட்டி மண்ணைத் தள்ளிவிடுவார்கள். இது சமையல்காரம்மாவின் வேலை. அவள் என்னைவிட நான்கைந்து வயது சின்னவள். கை சுத்தமானவள், ஆனால் வாய் ஓயாது. பக்கத்தில் ஆள் இல்லாவிட்டாலும் பேசுவாள். பருப்போடு பேசுவாள், அடுப்போடு சண்டை போடுவாள். "யாருகிட்டடி பேசற?" என்று எத்தனையோ முறை எரிந்து விழுந்திருக்கிறேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. நான் பள்ளிக்குப் போய்ச் சேரவே பதினொன்றரை ஆகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஏரியூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பெண்ணிடமிருந்து போன் வந்தது. அவள் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, மாமனாருக்கு உடம்பு முடியாமல் போனதும் குடும்பத்தோடு ஊருக்கு வந்துவிட்டவள். எங்கள் அலுவலகத் தபாலெல்லாம் அவள் கடையில்தான் டைப் ஆகும்.

"அக்கா, உங்க ஸ்கூல் சமையக்கட்ட வீடியோ எடுத்துப் போட்டிருக்காங்க. உங்க பேரு இல்ல, ஆனா சத்துணவு டீச்சர்னு போட்டிருக்கு. கடையில கூட்டம், நான் சத்தமில்லாம கொஞ்சம்தான் பாத்தேன்."

"யாரு போட்டது?"

"நடத்தறது யாருன்னே தெரியாத பக்கம். நம்ம ஏரியா சமாச்சாரமெல்லாம் போடுமே, அது. நீங்க ஆப்புல போயி பாத்துடாதீங்க. இது ஒருநாள் இருந்துட்டு தானா மறையிற வகை. யாரு யாரு பாத்தாங்கன்னு போட்டவங்களுக்கு லிஸ்ட் போவும். உங்க பேரும் போட்டோவும் அதுல வரும். நான் ஒரு லிங்க் அனுப்பறேன், அது வழியா பாருங்க. உங்க பேரு அவங்களுக்குப் போவாது. கொஞ்சம் லேட்டாவும், பொறுமையா இருங்க."

எனக்குப் பொறுமை கிடையாது. அதை அவளும் தெரிந்துதான் சொன்னாள்.

எங்கள் பள்ளியில் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மட்டும். அங்கே போய் நின்று லிங்கைத் தொட்டேன். வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுற்றியது. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் பின்னால் வருவதெல்லாம் நிற்குமே, அப்படி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து ஆங்கிலத்தில் ஏதோ வந்தது: நிறையப் பேர் கேட்கிறார்கள், பிறகு வாருங்கள் என்கிற மாதிரி. மறுபடி தொட்டேன். மறுபடி வட்டம். உள்ளே பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். என்னைப் பற்றி ஊரே ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, எனக்கு மட்டும் வட்டம் சுற்றுகிறது.

ஆப்பைத் திறந்தேன். அந்தப் பக்கத்தின் பெயரை அடித்தேன். கண் இமைக்கும் முன் வீடியோ ஓடியது.

இருபது நொடி இருக்கும். சிவப்பு வாளியில் மூன்று முட்டை. ஒன்று விரிசல் விட்டு அசிங்கமாக இருந்தது. அடுத்த நொடி, வேகவைத்த முட்டைகள் தட்டில் அடுக்கியிருப்பது. ஒரு பாட்டைப் போட்டு சத்தத்தை மூடியிருந்தார்கள். மேலே எழுத்து: கெட்டுப்போன முட்டையை ஏழைப் பிள்ளைகளுக்கு ஊட்டும் சத்துணவு டீச்சர்.

போனை இடுப்பில் செருகிக்கொண்டு பந்திக்குப் போனேன்.

பந்தி முடிவதற்குள் அந்தப் பக்கத்தில் அடுத்தது வந்துவிட்டது. பார்த்தவர்கள் பட்டியலைப் படம் எடுத்து, என் போட்டோவைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். "மாட்டினதும் ஓடி வந்து பார்க்குது பாருங்க." அதைத் தலைமையாசிரியர்தான் எனக்குக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் ஒன்றிய அலுவலகத்திலிருந்து போன். மறுநாள் பத்து மணிக்கு நேரில் வந்து விளக்கம் தரவேண்டும். விளக்கம் சரியில்லை என்றால் தற்காலிகப் பணிநீக்கம் என்று போன் செய்த கிளார்க் அவராகவே சேர்த்துச் சொன்னார். என் வீட்டில் நிலையான வருமானம் என்று இருப்பது அந்த வேலை ஒன்றுதான். அதைவிட, கெட்டது போட்டவள் என்று ஒருமுறை பெயர் வந்தால் சுற்று வட்டாரத்தில் நான் எந்தப் பஸ்ஸில் ஏற முடியும்?

நேராகச் சமையல் கூடத்துக்குப் போனேன். சமையல்காரம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சன்னலுக்கு வெளிய ஒரு ஆளு நின்னு போன நீட்டறான், உனக்குத் தெரியலையா?"

"என்னா டீச்சரு, நான் அடுப்பப் பாப்பனா, சன்னலப் பாப்பனா?"

"வாளிய யாரு சன்னல் பக்கம் வெச்சது?"

"எப்பவும் அங்கதான வெப்பேன்."

"எடுக்கறவனுக்கு வாட்டமா வெச்சிருக்க. யாருக்குடி வேலை செய்யற நீ? உன் தங்கச்சி மருமவ என் வேலைக்கு மனு போட்டவதான?"

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். எப்போதும் பேசுகிறவள் பேசாமல் நின்றால் குற்றம் செய்தவள் என்றுதான் அன்று எனக்குத் தோன்றியது. "நாளைக்கு ஆபீஸுல வெச்சிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

ஜெராக்ஸ் கடையில் நான் உட்காரும் முன்பே அந்தப் பெண் ஆரம்பித்தாள். "நான்தான் ஆப்புல பாக்காதீங்கன்னு சொன்னனேங்க்கா."

"உன் லிங்க் செத்துக் கெடந்துச்சு. வட்டம் சுத்தறதையே பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றியா?"

"அது அப்படித்தான். உலகத்துல இருக்கறவங்க எல்லாம் அந்த ஒத்தக் கதவு வழியா வர்றாங்க. போதாததுக்கு ஆப்புக்காரங்க இது வர்றதப் பாத்தா அப்பப்ப கதவச் சாத்திடறாங்க."

"சரி, இது யாருது? நடுவுல நிக்குதே, இந்தக் கடை."

அவள் சிரித்துவிட்டாள். "கடை இல்லைங்க்கா. ப்ராக்ஸின்னு சொல்வாங்க. வேற ஒருத்தரோட வெப்சைட்டு. நாம ஆப்புக்கு நேரா போறதில்ல. நமக்கு பதிலா இது போயி எடுத்துக்கிட்டு வந்து காட்டும். அவங்களுக்கு இதோட மொகந்தான் தெரியும், நம்ம மொகம் தெரியாது."

"இவனுக்கு நம்ம மொகம் தெரியுமில்ல?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். அந்த யோசனைக்காக எனக்கு அவளைப் பிடிக்கும். சட்டென்று பொய் சொல்ல மாட்டாள். "தெரிஞ்சிக்கணும்னா தெரிஞ்சிக்கலாம். எந்த எடத்துல இருந்து கேக்கறோம், என்னத்தப் பாக்கறோம், எல்லாம். ஆனா அதையெல்லாம் எழுதி வெக்கறதில்லன்னு போட்டிருக்காங்க."

"பஸ்ஸுல கூடத்தான் புகை பிடிக்காதேன்னு போட்டிருக்கு. யாரு ஆளு?"

"தெரியாதுங்க்கா. ஐரோப்பாவுல எங்கியோ ஒருத்தரு வூட்டுலயே மெசின் வெச்சி ஓட்டறாராம்."

"எதுக்கு?"

"சேவைங்க்கா."

"ஏரியூரு சத்துணவு டீச்சருக்குச் சேவை பண்ண ஐரோப்பாவுல ஒருத்தன் கரண்டு செலவு பண்ணிக்கிட்டு இருக்கானா?"

"அக்கா, உங்களுக்கு வீடியோ வேணுமா, வேணாமா?"

வேண்டும். ஆபீஸில் கேட்டால் என்ன வீடியோ என்றாவது சொல்லவேண்டும். அவள் காலையில் பார்த்த அதே லிங்கைக் கம்ப்யூட்டரில் திறந்தாள். வட்டம் சுற்றியது. ஒரு ஆள் வந்து ஆதார் நகல் எடுத்துக்கொண்டு போனார். வட்டம் சுற்றியது. இன்னொருவர் வந்து போனார். எனக்குக் காது சூடாகியது. அப்போது வீடியோ ஓட ஆரம்பித்தது.

அது நான் பார்த்த வீடியோ இல்லை.

பாட்டு இல்லை. எழுத்து மட்டும் அதேதான். அன்னக்கூடையில் தண்ணீர். சமையல்காரம்மாவின் கை முட்டைகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விடுகிறது. கையோடு குரலும் வருகிறது, வழக்கம்போல ஆளில்லாத இடத்தில். "நீ போ. நீயும் போ, நல்லவ. ஏ, நீ எங்க மெதக்கற? எந்திரி வெளிய. இந்த மூணும் புள்ளைங்களுக்கு ஆவாது. எங்க டீச்சரு பாத்துச்சுன்னா என்னை உரிச்சி தொங்க விட்டுடும்." சிவப்பு வாளியில் மூன்று முட்டை விழுகிறது, ஒன்று விரிசல் விடுகிறது. அப்புறம்தான் வேகவைத்த முட்டை. மொத்தம் ஒன்றரை நிமிடம் இருக்கும்.

பிறகு அவள் தன் போனில் ஆப்பைத் திறந்து அதே பதிவைத் தேடினாள். இந்தப் பதிவு இல்லை என்று வந்தது.

"புரிஞ்சிடுச்சுங்க்கா. காலைல அவசரத்துல முழுசா போட்டுட்டாங்க. சத்தத்தைக் கேட்டதும் விஷயம் புரிஞ்சி அழிச்சிட்டு, வெட்டி, பாட்டு போட்டு மறுபடி போட்டிருக்காங்க. நீங்க ஆப்புல பாத்தது ரெண்டாவது. நான் காலைல இந்த ப்ராக்ஸி வழியா கேட்டப்ப இருந்தது மொதலாவது."

"அழிச்சாச்சுன்னா இவன்கிட்ட எப்படி இருக்கு?"

"ஒவ்வொரு தடவையும் போயி எடுத்தா இன்னும் லேட்டாவும்ல, அதுக்காக ஒருதடவ எடுத்துட்டு வந்ததத் தன்கிட்டயே வெச்சிக்கும். அடுத்து கேக்கறவங்களுக்கு அதையே குடுக்கும். அங்க அழிச்சது இதுக்குத் தெரியாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்றபோது அவள் அனுப்பிய லிங்கும் இதுவேதான். இன்னும் பத்து நிமிடம் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தால் முதலில் இதைத்தான் பார்த்திருப்பேன். என் பெயரும் பட்டியலில் போயிருக்காது. சமையல் கூடத்துக்குப் போய் அப்படிக் கேட்டிருக்கவும் மாட்டேன்.

அவள் வீடியோவை இறக்கி என் போனில் ஏற்றினாள். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கு உதவும் நகலை வைத்திருக்கிறவன், எனக்குக் கேடான நகலையும் வைத்திருப்பான் இல்லையா? காலையிலிருந்து எத்தனை பேர் இவன் வழியாக என்னைப் பார்த்தார்கள்? இந்தக் கடைக் கம்ப்யூட்டரிலும் நான் பார்த்ததெல்லாம் நிற்குமா? அதை அவளிடமே கேட்டேன்.

"நிக்கும். அழிச்சிடறேன்" என்றாள். முகம் கொஞ்சம் சுருங்கியது. "எம்மேலயுமாங்க்கா?"

"யாரு மேலயும்தான்."

மறுநாள் ஒன்றிய அலுவலகத்தில் எங்கள் பிரிவைப் பார்க்கும் அதிகாரி ஒரு அம்மா. நிதானமானவர். என் போனிலிருந்த முழு வீடியோவில் முதல் சில நொடிகள்தான் பார்த்தார். பிறகு போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தார்.

"இது எங்கிருந்து எடுத்தீங்க?"

சொன்னேன். ப்ராக்ஸி என்று சொன்னேன்.

"அது யார் நடத்துறது?"

"தெரியாதுங்க மேடம்."

"எந்த ஊர்?"

"ஐரோப்பாவுல எங்கியோன்னு சொல்றாங்க."

"ஒரிஜினல் இருக்கா?"

"அழிச்சிட்டாங்க."

"அப்புறம் எப்படிங்க? யாருன்னே தெரியாத ஆள் வெச்சிருக்கறதை நான் ஃபைல்ல வெச்சா, மேல கேக்கமாட்டாங்களா, இத நீங்களே தயார் பண்ணதில்லன்னு என்ன நிச்சயம்னு?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் கேட்டதில் ஒரு வார்த்தைகூட நான் முந்தின நாள் ஜெராக்ஸ் கடையில் கேட்காதது இல்லை.

"சமையலர் வந்திருக்காங்களா?"

வந்திருந்தாள். அவளை வரச்சொல்லித் தலைமையாசிரியரிடம் ஆபீஸிலிருந்தே சொல்லியிருந்தார்கள். அதே பஸ்ஸில்தான் வந்தாள். நான் முன்னால், அவள் பின்னால். முழு வீடியோ கிடைத்ததை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்பதுதான் உண்மை. மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கம் இல்லை.

அதிகாரி என்னை வாசலருகே நிற்கச் சொல்லிவிட்டு அவளை உள்ளே கூப்பிட்டார். "நேத்து காலையில முட்டைய என்ன பண்ணீங்க? மொதல்ல இருந்து சொல்லுங்க."

என்மேல் இருக்கும் கோபத்தில் அவள் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். டீச்சர்தான் போடச் சொல்லுச்சு என்று ஒரு வார்த்தை போதும். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தண்ணில வுட்டேனுங்க. எப்பவும் வுடறதுதான். மூணு மெதந்துச்சு. எடுத்து செவப்பு வாளில போட்டேன்."

"யாராவது சொல்லி எடுத்தீங்களா?"

"எங்க டீச்சரு அங்க இல்லைங்க. இல்லாட்டியும் அது பாத்தா என்னை உரிச்சி தொங்க விட்டுடும்னு சொல்லிக்கிட்டுதான் எடுத்துப் போட்டேன்."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"யாருகிட்டயும் இல்லைங்க. முட்டகிட்டதான்."

பக்கத்து மேசை கிளார்க் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. கவிழ்த்து வைத்திருந்த போனை எடுத்து, மீதி வீடியோவைச் சத்தமாக வைத்துக் கடைசிவரை கேட்டார். அறை முழுக்க அவள் குரல். நீ போ. நீயும் போ, நல்லவ. சமையல்காரம்மா போனையே பார்த்தாள், பிறகு திரும்பி வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள்.

அதிகாரி அவளுடைய வாக்குமூலத்தை எழுதி வாங்கிக்கொண்டார். வீடியோவைக் கோப்பில் சேர்க்கவில்லை. "உங்க சமையலர் சொன்னது போதும். இந்த காப்பிய நான் பாத்தேன், அவ்வளவுதான். இதை நான் நம்பல, இவங்கள நம்பறேன்" என்றார். புகாருக்கு முகாந்திரமில்லை என்று எழுதினார். என் வேலை தப்பியது.

அந்தப் பக்கத்துக்காரர்கள் வருத்தம் தெரிவித்தார்களா? தெரிவிப்பார்களா என்ன? என்னைப் பற்றிப் போட்டது ஒருநாளில் மறைந்தது, அடுத்து யாரோ ஒரு வார்டு உறுப்பினர் மாட்டினார். வெட்டிய வீடியோவைப் பார்த்தவர்கள் எல்லாம் பார்த்தவர்களாகவே இருக்கிறார்கள். முழுசை நான் யார் யாருக்கு என்று அனுப்புவது? சந்தைக்குப் போனால் இன்னும் ஒரு சிலர் என் பையை எட்டிப் பார்க்கிறார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஜெராக்ஸ் கடைக்குப் போனபோது அந்த லிங்கைத் திறக்கச் சொன்னேன். அந்த வெப்சைட்டே இல்லை. நடத்த முடியவில்லை, மூடிவிட்டேன், எல்லாவற்றையும் அழித்துவிட்டேன் என்று அந்த ஆள் இரண்டு வரி எழுதி வைத்திருந்ததாக அந்தப் பெண் படித்துச் சொன்னாள்.

"பாருங்க, எல்லாம் அழிஞ்சிடுச்சு. நிம்மதியா இருங்க."

"அவன் சொல்றான்."

"அக்கா, அந்த மனுசனாலதான் உங்களுக்கு வழி பொறந்துச்சு."

"அதுக்காக அவன நம்பணுமா?"

இப்போதும் நம்பவில்லை. அவன் நல்லவனாகவே இருக்கலாம். எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு மெஷினில் என் சமையல் கூடம் இருந்தது, நான் கேட்காமல் வந்தது, நான் பார்க்காமல் போனது. போனது என்பதற்கு அவன் வார்த்தையைத் தவிர எனக்கு எதுவும் இல்லை. நேராக ஆப்புக்குப் போனால் பெயரைக் கொடுக்கவேண்டும், வேகமாகக் கிடைக்கும். நடுவில் ஆள் வைத்தால் பெயரை மறைக்கலாம், காத்திருக்கவேண்டும், அந்த ஆளுக்கு நாம் தெரிந்துவிடுவோம். இரண்டிலும் யாரோ ஒருத்தர் கையில்தான் நிற்கிறோம்.

விசாரணை நடந்த அன்று ஆபீஸிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் இடம் இருந்தது. நான் பின்னால் போய் சமையல்காரம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் சன்னல் பக்கம் நகர்ந்து இடம் விட்டாள். நாலைந்து நிறுத்தம் தாண்டிய பிறகு அவளே கேட்டாள்.

"அந்த வீடியோ உங்ககிட்ட எப்ப வந்துச்சுங்க டீச்சரு?"

"நேத்து சாயந்தரம்."

"அப்ப நேத்து சாயந்தரமே தெரியும், நான் ஒண்ணும் பண்ணலன்னு."

"தெரியும்."

"பதினோரு வருசமா உங்ககூட வேலை செய்யறேன். நான் சொன்னா நம்பல. எவனோ வெளிநாட்டுக்காரன் மெசின்ல நான் பேசினா நம்புனீங்க."

அவள் சொன்னது சரி. தப்பு என்மேல்தான் என்று சொல்ல அந்த பஸ்ஸில் எனக்கு ஒரு மணி நேரம் கிடைத்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். மறுநாள் சன்னல் ஓரமிருந்த சிவப்பு வாளியை நானே தூக்கி வாசற்படியில் வைத்தேன். இனிமேல் முட்டையை இங்கே வைத்துத் தண்ணீரில் விடு, யார் வேண்டுமானாலும் நேரில் நின்று வீடியோ எடுத்துக்கொள்ளட்டும் என்றேன். அதுதான் எனக்குத் தெரிந்த மன்னிப்பு.

அவள் அப்படியே செய்கிறாள். வாசற்படியில் குந்திக்கொண்டு ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விடுகிறாள், மிதப்பதை எடுத்து வாளியில் போடுகிறாள், என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறாள். வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வாய் திறப்பதில்லை. முட்டையோடும் பேசுவதில்லை, அடுப்போடும் பேசுவதில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல், "என்னாடி, ஊமையாயிட்டியா?" என்று கேட்டேன்.

அவள் ரோட்டை ஒருமுறை பார்த்தாள், என் கையிலிருந்த போனைப் பார்த்தாள், அடுத்த முட்டையைத் தண்ணீரில் விட்டாள்.